ஒன்றரைக் காய்

பிப்ரவரி 3, ஞாயிறு

இன்றிலிருந்து தினமும் எழுத வேண்டுமாம். ராமிரோவின் கட்டளை. தண்ணீரில் செய்த தப்பு தண்ணீரில் தெரியாது, கரைக்கு வந்து எழுதும்போதுதான் தெரியும் என்கிறான். சரி, எழுதித் தொலைக்கிறேன். தமிழில் எழுதினால் அவனுக்குப் புரியாது. என் வீட்டுக்காரனுக்கும் புரியாது. கான்வென்ட்டில் படித்த துரை, பஸ் போர்டையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

மெக்ஸிகோவுக்கு இது இரண்டாம் முறை. போன வருஷம் இதே ராமிரோவிடம்தான் நாங்கள் இருவரும் தண்ணீர் நிரம்பிய குகைக்குள் முக்குளிக்கக் கற்றோம். இந்த முறை ஸ்கூட்டர். ரோட்டில் ஓட்டுகிற ஸ்கூட்டர் இல்லை. கேஸ் சிலிண்டரின் பின்பக்கம் டேபிள் ஃபேனை மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினால் தண்ணீருக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகும். கால் அடிக்க வேண்டாம்.

அந்தமானில் தேனிலவு ஜோடிகளைத் தண்ணீருக்குள் கூட்டிப் போய் மீன் காட்டுவது எங்கள் பிழைப்பு. ஏப்ரலில் ஒரு பிரெஞ்சுக் குழு இங்கே, இதுவரை யாரும் நுழையாத குகையில் வரைபடம் எடுக்கப் போகிறது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். ஒரே ஒருவர். ராமிரோ யாரைக் கைகாட்டுகிறானோ அவர்.

எனக்கு அந்த இடம் வேண்டும். என் வீட்டுக்காரனுக்கும் வேண்டும். ராமிரோவின் மனைவி லூப்பேயிடம் வந்ததும் வராததுமாக, "ஜெசிந்தா சும்மா துணைக்கு வந்திருக்கிறாள்" என்று சொல்லிவிட்டான். துணைக்கு வந்தவளாம்! நான் என்ன மாப்பிள்ளைத் தோழியா?

கருவாட்டுப் பொட்டலத்தை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். பாவிகள்.

பிப்ரவரி 4, திங்கள்

வெட்டவெளிக் குளத்தில் முதல் பாடம். ஸ்கூட்டரின் கயிற்றை இடுப்புக்குக் கீழே உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். இழுவை முழுவதும் இடுப்பில் இருக்க வேண்டும், கை திசை காட்டினால் போதும். நான் இரண்டு சுற்று சுற்றியதும் பிடிபட்டுவிட்டது. இவன் கயிற்றை நீளமாக விட்டுக்கொண்டு கையால் மல்லுக்கட்டினான். ஸ்கூட்டர் இவனை நேராகச் சேற்றுக்குள் கொண்டுபோய்ச் செருகியது. தலை உள்ளே, கால் வெளியே. ராமிரோ சிரித்தான். நானும் சிரித்தேன், அதுதான் குற்றம்.

கரையில் எல்லார் முன்னாலும், "ஏட்டி, நீ குறுக்க வந்தேல்லா, அதான் திருப்புனேன்" என்றான். நான் குளத்தின் அந்தக் கோடியில் இருந்தேன்.

"ஆமா அத்தான், மன்னிச்சுக்கோங்க" என்றேன். இவன் என் சொந்த அத்தை மகன். பெயர் பெர்க்மான்ஸ். தூத்துக்குடியில் பக்கத்துத் தெரு. டவுசர் போட்ட காலத்திலிருந்து தெரியும். ஊர் முன்னால் அத்தான், நீங்க, வாங்க, போங்க எல்லாம் உண்டு. இங்கே எழுதும்போது மட்டும் 'இவன்'.

ராத்திரி சாப்பாட்டின்போது பழம் காட்டினான். அதையும் எழுதிவிடுகிறேன். சின்னப் பிள்ளையில் எல்லாரும் விளையாடியதுதான். கோபம் வந்தால் சுண்டுவிரலை நீட்டிக் காய் விடுவது. சமாதானமாகப் போனால் பழம். எங்கள் தெருவில் ஆள்காட்டி விரல் மேல் நடுவிரலை ஏற்றிக் காட்டுவதுதான் பழம். எதிராளியும் திருப்பிக் காட்டினால் ராசி. எனக்குச் சுண்டுவிரல் தனியாக நிமிராது, மோதிரவிரலும் பாதி எழுந்து கூடவே வரும். அதனால் என் காய்க்கு 'ஒன்றரைக் காய்' என்று பெயர் வைத்தவன் இவன்தான்.

மற்ற பிள்ளைகள் பத்து வயதில் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். இவன் விடவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட மன்னிப்பு என்ற சொல் இவன் வாயிலிருந்து வந்ததில்லை. எதையும் செய்வான், யார் முன்னாலும் சொல்வான், அப்புறம் விரல் மேல் விரலை ஏற்றிக் காட்டுவான். நானும் காட்டுவேன். முடிந்தது கணக்கு.

இன்றைக்கும் காட்டினேன்.

பிப்ரவரி 6, புதன்

சைகை வகுப்பு. பழையதுதான், ஆனால் ஸ்கூட்டரில் போகும்போது ஒருவருக்கொருவர் தூரமாக இருப்போம், திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது, அதனால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சை வட்டமாகச் சுற்றினால் சுகம். மெதுவாக ஆட்டினால் என்னைப் பார். படபடவென்று ஆட்டினால் ஆபத்து.

பிறகு கை. குகைக்குள் வாசல்வரை ஒரு கயிறு கட்டியிருக்கும், அதுதான் வெளியே வர வழி. அந்தக் கயிறு உடம்பிலோ சிலிண்டரிலோ சிக்கிக்கொண்டால் அதற்குச் சைகை: ஆள்காட்டி விரல் மேல் நடுவிரல்.

இவன் என்னைப் பார்த்தான், நான் இவனைப் பார்த்தேன். போன வருஷமும் இதே இடத்தில் சிரித்தோம். இந்த முறை ராமிரோ விடவில்லை, என்ன சிரிப்பு என்று கேட்டான். இவன் கதையைச் சொன்னான். லூப்பே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ராமிரோ சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் எழுந்து நிற்க வைத்து, கரையில் அது எதுவாகவும் இருக்கட்டும், தண்ணீருக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று சொல்லி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எங்களையும் திருப்பிச் சொல்ல வைத்தான். சிக்கிக்கொண்டேன். உதவிக்கு வா. சிக்கிக்கொண்டேன். உதவிக்கு வா.

இனி செத்தாலும் மறக்காது.

பிப்ரவரி 8, வெள்ளி

டைவ் இல்லை. உடுப்பெல்லாம் அலசினேன், இவனுடையதையும் சேர்த்து. இந்த ஊர் அரிசி குழைகிறது.

பிப்ரவரி 9, சனி

முதன்முதலாகக் குகைக்குள் ஸ்கூட்டர். குகையின் பெயர் லா முதா. ஊமைச்சி என்று அர்த்தமாம்.

எப்படிச் சொல்ல? போன வருஷம் மூச்சு வாங்க நீந்திப் போய்த் தொட்ட இடத்தை இன்று கண் மூடித் திறப்பதற்குள் தாண்டினோம். வெள்ளைச் சுண்ணாம்புத் தூண்கள் வெளிச்சத்தில் வந்து வந்து பின்னால் போகின்றன. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, பறக்கிற மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்?

ஆனால் ராமிரோ தினமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஸ்கூட்டர் உன்னை உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும், அது நின்றுபோனால் நீ நீந்தித்தான் வர வேண்டும், அதற்குக் காற்று மிச்சம் வை. வேகத்தைப் பார்த்து மயங்காதே.

இவன் மயங்கினான். கயிற்றை ஒட்டி ஓட்டினான், கயிறு விசிறிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. எனக்குப் பின்னால் வெளிச்சம் படபடத்தது. திரும்பினேன். விரல் மேல் விரலை ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் போய் விசிறியைக் கையால் பின்பக்கம் சுற்றிக் கயிற்றை விடுவித்தேன். வெட்டக்கூட இல்லை. ராமிரோ வந்து பார்த்துவிட்டு என் தோளில் தட்டினான்.

கரையேறியதும் இவன் சொன்னது: "நானே எடுத்திருப்பேன். இவ வந்து நோண்டிக்கிட்டு கெடந்தா."

பிப்ரவரி 11, திங்கள்

ராமிரோ இன்று இவன் எதிரிலேயே சொல்லிவிட்டான். ஜெசிந்தா தயார். பெர்க்மான்ஸுக்கு இன்னும் ஒரு மாதம் பழக்கம் வேண்டும்.

வரும் வழியில் இவன் எனக்குப் பிடித்த மாம்பழத்தில் மிளகாய்ப்பொடி தூவி வாங்கிக் கொடுத்தான். இவன் அன்பாக இருந்தால் அடுத்தது ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

படுத்த பிறகு வந்தது. "ஜெசி, நீயே சொல்லிரு, பயமா இருக்கு, வேண்டாம்னு."

"எனக்கு பயமில்லியே அத்தான்."

"பொம்பளைக்கு அவ்வளவு வீம்பு ஆகாது. ஏற்கெனவே வீம்புலதான் ஒண்ண தொலைச்ச."

அதைத்தான் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் மாதத்தில் போன என் பிள்ளையை. நான் அப்போது தண்ணீரையே தொடவில்லை. மாசமான நாளிலிருந்து கரையில் உட்கார்ந்து ரசீது போட்டுக்கொண்டிருந்தேன். இவனுக்கும் தெரியும், டாக்டரும் சொன்னார். ஆனாலும் ஊர் முழுக்க, "தண்ணியிலேயே கெடந்தா எப்படித் தங்கும்" என்று இவன்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

திரும்பிப் படுத்துக்கொண்டேன். முதுகில் இரண்டு விரலை வைத்துத் தட்டினான். பழமாம். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி நானும் காட்டினேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

காலையில் லூப்பே வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். கையில் ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் மஞ்சள் நூலில் பின்னிய காலுறை, என் கட்டைவிரல் அளவு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். பெர்க்மான்ஸ் நேற்று ராமிரோவிடம் எல்லாம் சொல்லிவிட்டாராம். நான் மாசமாக இருக்கிறேனாம். வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறேனாம். இனி என்னைத் தண்ணீரில் இறக்க வேண்டாமாம்.

அவள் போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சிரித்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.

மத்தியானம் இவன் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "அவன்ட்ட என்ன சொன்னீய?"

"என்னத்தச் சொன்னேன்? உனக்கு மாசம்னு சொன்னேன். சும்மாத்தான்."

"சும்மாவா? புள்ளைய வச்சா சும்மா?"

"ஏட்டி கத்தாத. அவன் உன்ன எடுத்துட்டான்னா நான் அந்தமான்ல போய் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? பொண்டாட்டி போனா, இவன் பெட்டி தூக்குனான்னு சிரிக்க மாட்டானுவ?" சோற்றை மென்றுகொண்டே சொன்னான். "இல்லாத புள்ளதான. யாருக்கு என்ன நட்டம்?"

பிறகு மிளகாய்ச் சாறு ஒட்டிய கையைத் தூக்கி விரல் மேல் விரலை ஏற்றினான். "காட்டு" என்றான். நான் காட்டவில்லை. "காட்டுட்டி. எவ்வளவு நேரம் புடிச்சிட்டிருக்க? கை வலிக்குல்லா?"

காட்டவில்லை. இவன் பழம் காட்டி நான் திருப்பிக் காட்டாதது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. நாசமாகப் போகட்டும் அந்தக் கை.

பிப்ரவரி 13, புதன்

ராமிரோவிடம் போய் அது பொய் என்று சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. நாளை லா முதாவில் கடைசி டைவ், அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றான். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டு, உங்களுக்குள் சண்டை இருந்தால் நாளைக்கு இறங்க வேண்டாம், சொல்லிவிடுங்கள் என்றான். சண்டையா, அப்படி எதுவும் இல்லையே என்றேன். இவனும் இல்லை என்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

பேட்டரி எல்லாம் சார்ஜில் போட்டேன். மஞ்சள் காலுறையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். புதுசுதான், அழுக்கே இல்லை. ஏன் துவைத்தேன் என்று தெரியவில்லை.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 14, வியாழன்

இவன் ஆஸ்பத்திரியில். மூச்சு இருக்கிறது.

பிப்ரவரி 16, சனி

விசாரணை அதிகாரிக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். மாற்றி மாற்றிச் சொல்லக் கூடாது இல்லையா?

முன்னால் ராமிரோ, நடுவில் நான், கடைசியில் இவன். ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து இவனுடைய வெளிச்சம் சுவரில் ஆடியது. வேகமாகவா மெதுவாகவா என்று கேட்டார். ஆடியது என்றேன். திரும்பிப் பார்த்தேன். இவன் கயிற்றுப் பக்கத்தில் நின்றிருந்தான், விரல் மேல் விரலை ஏற்றிக் காட்டினான். எங்களுக்குள் முந்தின நாள் சின்ன மனத்தாங்கல், அதற்குச் சமாதானம் சொல்கிறான் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அதற்கு அதுதான் அர்த்தம். நானும் பதிலுக்குக் கை காட்டினேன், எந்த விரல் என்று அவர் கேட்கவில்லை. பிறகு விசையை அழுத்தி முன்னால் போனேன். ராமிரோ வெளிச்சத்தால் வட்டம் போட்டுக் கேட்டான். நானும் வட்டம் போட்டேன். பின்னால் எல்லாம் சுகம்.

ராமிரோவாகவே திரும்பிப் பார்த்து ஆளைக் காணாமல்தான் நாங்கள் திரும்பி வந்தோம். அங்கே ஒரே சேறு, என் கையே எனக்குத் தெரியவில்லை. கயிறு இவன் முதுகுப் பக்கம் சிலிண்டர் வால்வில் சுற்றியிருந்திருக்கிறது. கை எட்டாத இடம். எப்படியோ பிய்த்துக்கொண்டு, ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு, நீந்தியே வந்திருக்கிறான். வாசல் வெளிச்சம் தெரிகிற இடத்தில் காற்று தீர்ந்திருக்கிறது. அங்கேதான் ராமிரோ கண்டுபிடித்தான்.

மொழிபெயர்க்க வந்த பெண் 'பழம்' என்பதை ஃப்ரூத்தா என்று எழுதினாள். அதிகாரி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு சின்ன விளையாட்டுச் சைகை ஒரு மனிதனை இப்படிச் செய்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். நல்ல மனுஷன். லூப்பே தேம்பித் தேம்பி அழுதாள். வகுப்பில் சிரித்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பிப்ரவரி 18, திங்கள்

ராமிரோ வந்தான். உட்காரவில்லை. ஒன்பதாம் தேதி அவன் அதே விரலைக் காட்டியபோது நீ என்ன செய்தாய் என்று கேட்டான்.

தலை வலிக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

மார்ச் 20, புதன்

தூத்துக்குடி வந்து சேர்ந்தோம். ஸ்ட்ரெச்சரில். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்ததில் பேச்சு போய்விட்டது, இடப்பக்கம் முழுவதும் போய்விட்டது, வலப்பக்கமும் இன்னும் அசையவில்லை. மற்றபடி நூறு வயசு இருப்பார் என்கிறார் டாக்டர்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பிரெஞ்சுக் குழு கிளம்பியிருக்கும். ராமிரோ வேறு யாரையோ கைகாட்டியிருப்பான். என் சான்றிதழ் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

காலை எட்டு மணிக்குக் கஞ்சி. பிறகு புரட்டிப் படுக்க வைத்து முதுகில் பவுடர். முதுகில் புண் வந்துவிடக் கூடாது.

மே 2, வியாழன்

வலது கை அசைகிறது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை, கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்க ஓடினாள். தெருவில் எல்லாரும் என்னைத்தான் சொல்கிறார்களாம், ஜெசிந்தா மாதிரி ஒரு பொண்டாட்டி கிடைக்கணும் என்று.

அசைவது கை முழுவதும் இல்லை. கடைசி இரண்டு விரல்.

மே 5, ஞாயிறு

நான் அறைக்குள் நுழைந்தால்தான் விரல் எழுகிறது. அத்தை இன்றுதான் கவனித்தாள்.

"ஏ ஜெசி, இங்க பாரேன், சுண்டுவெரல நீட்டுதான். பள்ளிக்கூடத்துப் புள்ள மாரி ஒண்ணுக்குக் கேக்கான்டி எம்புள்ள!" என்று ஓடிப்போய் பெட்பேனை எடுத்து வந்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. எடுத்தோம். மறுபடி விரலை நீட்டினான். மறுபடி வைத்தோம்.

"கேக்கவும் செய்யுதான், வச்சாப் போவவும் மாட்டேங்கான்" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான் விரலைப் பார்த்தேன். இவன் விரல் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். இவனுக்குச் சுண்டுவிரல் தனியாக, குச்சி மாதிரி நேராக நிற்கும். இன்று மோதிரவிரலையும் பாதி எழுப்பித்தான் காட்டினான். பாடுபட்டு எழுப்பினான். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

மே 6, திங்கள்

அத்தை பூசைக்குப் போன நேரத்தில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆள்காட்டி விரல் மேல் நடுவிரலை ஏற்றி இவன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது.

பார்த்தான். கண்ணை எடுக்காமல் பார்த்தான். பிறகு மெதுவாக அந்த ஒன்றரை விரலை எழுப்பினான்.

எனக்குப் பின்னால் அத்தை வந்து நின்றது தெரியவில்லை. "திரும்பவும் காட்டுதானா? ஒண்ணுக்கா ரெண்டுக்கா, ஒண்ணும் வெளங்கலியே. உனக்குத் தெரியுதாம்மா, என்ன சொல்லுதான்?"

"ஒண்ணுக்குத்தான் அத்தை" என்று பெட்பேனை எடுத்து வந்து வைத்தேன்.